மச்சினி போட்ட வட்டங்கள்

என் மச்சினியிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர் என்று இதுவரை ஒருவரும் இல்லை. அவளுடைய அக்காவைக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து பத்தொன்பது வருஷமாக நானும் முயன்று பார்க்கிறேன். ஒரு தடவைகூட முடியவில்லை. பட்டறையில் அவளைத் திமிர் பிடித்தவள் என்பார்கள். ஆமாம், திமிர்தான், யார் இல்லை என்றது? அந்தத் திமிர் இல்லாமல் போயிருந்தால் ஒரு குடும்பம் என்ன ஆகியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். அதில் என் பங்கு என்ன என்பதும் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நானும் அவளும் ஒரே பட்டறையில் வேலை செய்கிறோம். இடித்து நசுங்கிய கார்களைச் சரிசெய்யும் பட்டறை. கெட்டுப்போன தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வது அவள் வேலை. அதற்கு மேல் மேடு பள்ளம் மறைய பட்டி என்கிற பசையைப் பூசி, தேய்த்து, பெயின்ட் அடிப்பது என் வேலை. நான் வேலை முடித்த வண்டியைப் பார்த்தால் எங்கே அடிபட்டது என்று அதை இடித்தவனாலேயே சொல்ல முடியாது. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு இருபத்தைந்து வருஷம் ஓட்டிவிட்டேன்.

அவள் நாலு பெண்களில் கடைசி. மூன்று பேருக்குப் பிறகு பிறந்ததால் வீட்டில் யாருக்கும் அவளை அதட்டத் தெம்பு இல்லை என்று என் மனைவி சொல்வாள். பதினெட்டு வயதில் ஒரு கட்டில் கம்பெனியில் சேர்ந்தாள். இரும்புக் கட்டிலுக்கான திருகுகளை எண்ணிப் பொட்டலம் கட்டுவது அங்கே அவளுக்குக் கொடுத்த வேலை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வெல்டர்கள் வெளியே போனதும் ஒடிந்த கம்பித் துண்டுகளை எடுத்துவைத்து ஒட்டிப் பழகியிருக்கிறாள். ஒரு நாள் மேஸ்திரி பார்த்துவிட்டார். "யாரைக் கேட்டு மெஷின்ல கை வெச்ச?" என்று கத்தினாராம். "கேட்டா விட்டிருப்பீங்களா?" என்று இவள் திருப்பிக் கேட்டாளாம். அவர் அந்தத் துண்டைக் காலால் மிதித்துப் பார்த்திருக்கிறார். ஒட்டிய இடம் அசையவில்லை. மறுவாரம் அவளை வெல்டிங் பக்கம் மாற்றிவிட்டார்கள்.

பன்னிரண்டு வருஷம் கட்டில்களுக்குக் கால் ஒட்டினாள். கம்பெனி வேறு ஊருக்குப் போனதும் என்னிடம் வந்து நின்றாள்.

"மாமா, உங்க பட்டறைல வெல்டர் தேடறாங்களாமே?"

"அது கார் தகடும்மா. அட்டை மாதிரி மெலிசா இருக்கும். கொஞ்சம் அசந்தா ஓட்டை விழுந்துடும். கட்டில் கால் இல்ல."

"அட்டையா இருந்தாலும் இரும்பு அட்டைதானே?"

முதலாளி கோபம் வராத நேரத்தில் நல்ல மனிதர். ஆனால் அந்த நேரம் ஒரு நாளில் அதிகம் இருக்காது. ஒரு பெண் வெல்டிங் செய்ய வந்திருக்கிறாள் என்றதும் வேடிக்கை பார்க்கிற முகத்தோடு ஒரு தகட்டைக் கொடுத்தார். அவள் அதில் ஓட்டை போட்டாள். முதலாளி சிரித்தார். இன்னொன்று கேட்டாள், அதிலும் ஓட்டை. சிரிக்க வந்தவர்கள் சலித்துப் போய்க் கலைந்த பிறகும் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒன்பதாவது தகடு ஒழுங்காக ஒட்டியது. பத்தாவதையும் ஒட்டி, இரண்டையும் முதலாளி மேஜையில் கொண்டுபோய் வைத்துவிட்டு, "எப்ப வரட்டும்?" என்றாள். அதற்கு ஏழு வருஷம் ஆகிறது.

அவள் வீட்டுக்காரர் தொலைதூர லாரி ஓட்டுகிறார். மாதத்தில் ஐந்து நாள் வீட்டில் இருப்பார். மீதி நாள் ரோட்டில் ஓய்வெடுக்கிறார் என்று நான் கேலி செய்வதுண்டு. அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். "நீங்க தினமும் வீட்லயே இருக்கீங்களே, எங்க அக்காவுக்கு எப்ப மாமா ஓய்வு?" என்பாள்.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சாக்பீஸ் துண்டு இருக்கும். வெல்டிங் முடித்ததும் முகமூடியைத் தூக்கிவிட்டு, ஒட்டிய இடத்தை முழுக்கக் குனிந்து பார்ப்பாள். எங்கே சரியில்லையோ அங்கே ஒரு வட்டம் போடுவாள். தன் வேலையில் இருக்கிற குற்றத்துக்குத் தானே வட்டம் போடுகிற ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நாங்கள் எல்லாம் அடுத்தவன் வேலைக்குத்தான் போடுவோம்.

பட்டறையில் இன்னொரு வெல்டரும் உண்டு. முதலாளியின் மனைவிக்குத் தம்பி. அவனை எல்லாரும் எக்ஸ்பிரஸ் என்று கூப்பிடுவோம். அவள் அரை நாளில் முடிப்பதை அவன் ஒரு டீக்கும் இன்னொரு டீக்கும் நடுவில் முடித்துவிடுவான். துடைப்பது, பார்ப்பது, வட்டம் போடுவது எதுவும் கிடையாது. கம்பி பிரஷால் பெயின்ட்டைச் சுரண்டுவான், ஒட்டுவான், போய்விடுவான். அவன் விட்ட குறையெல்லாம் என் பட்டிக்குக் கீழே போய்விடும். "மாமா, நீங்க கடவுள்" என்று என்னிடம் சொல்வான். கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

துளை விழ ஆரம்பித்தது அந்த வருஷம் வெயில் ஏறிய சமயத்தில்.

வெல்டிங் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். வெல்டர் கையில் பிடிக்கிற டார்ச்சின் மூக்கிலிருந்து கம்பியும் அதைச் சுற்றி ஒரு கேஸும் சேர்ந்தே வரும். கம்பி உருகித் தகட்டோடு சேரும். உருகிய இரும்பை வெளிக்காற்று தொட்டுவிடாமல் கேஸ் போர்த்திக்கொள்ளும். அந்தப் போர்வை விலகினாலோ, ஒட்டுகிற இடத்தில் எண்ணெய், தண்ணீர், பெயின்ட் என்று ஏதாவது இருந்தாலோ, அது ஆவியாகி உருகிய இரும்புக்குள் குமிழ் விடும். குமிழ் வெடிப்பதற்குள் இரும்பு உறைந்துவிடும். அவ்வளவுதான், ஊசியால் குத்தியதுபோலத் துளை துளையாக நிற்கும். வெளியே நாலு தெரிந்தால் உள்ளே நாற்பது இருக்கும். பார்வைக்கு இரும்பு, பலத்துக்கு ரொட்டித் துண்டு.

முதலில் வந்தது மருந்துக்கடைக்காரரின் கார். பக்கவாட்டில் இடி வாங்கியிருந்தது. முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவில் நிற்கிறதே ஒரு தூண், அதன் அடிப்பகுதியை வெட்டிப் புதிதாக வைத்தாள். சீட் பெல்ட் அந்தத் தூணில்தான் மாட்டியிருக்கும். ஒட்டி முடித்துப் பார்த்தால் ஆறு துளை. ஆறுக்கும் வட்டம் போட்டுவிட்டு, அரைத்து எடுத்துத் திரும்பச் செய்ய வேண்டும் என்றாள். வண்டி மறுநாள் போக வேண்டும் என்று முதலாளி குதித்தார். நான்தான் நடுவில் புகுந்தேன்.

"ஆறே ஆறு துளை. விடும்மா, நான் பட்டி போட்டுக்கறேன்."

அவள் என்னைப் பார்த்தாள். அன்று அவளுக்குக் காய்ச்சல் வேறு. முகமூடியைக் கழற்றி வைத்தாள். ஏழு வருஷத்தில் அவள் விட்டுக்கொடுத்தது அந்த ஒரே தடவைதான். நான் பட்டி போட்டு, தேய்த்து, பெயின்ட் அடித்தேன். மருந்துக்கடைக்காரர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அதற்குக் கொஞ்ச நாள் முன்பு வரைக்கும் எனக்கும் ஒரு தலைவலி இருந்தது. பெயின்ட் அடித்தால் மேலே வட்ட வட்டமாகக் குழி விழுந்துகொண்டிருந்தது. மீன்கண் மாதிரி இருக்கும். அதை ஒரு வழியாகச் சரிசெய்துவிட்டேன். எப்படிச் சரிசெய்தேன் என்பது பின்னால் வரும், வெட்கத்தோடு வரும்.

அடுத்து வந்தது ஒரு டாக்ஸி. கதவுக்குக் கீழே வண்டியின் நீளத்துக்கு ஓடும் அடிச்சட்டம் போய்விட்டிருந்தது. வண்டியின் முதுகெலும்பு மாதிரி அது. அவள் பார்த்துப் பார்த்து ஒட்டினாள். முகமூடியைத் தூக்கினால் துளை, எண்ணி மாளாத துளை. வட்டம் போட்டு வட்டம் போட்டு சாக்பீஸே கரைந்துவிட்டது.

துளை விழுந்த வெல்டிங் மேலேயே இன்னொரு தடவை ஒட்டினால், அடியில் இருக்கிற குமிழ் மேலே ஏறி வந்து திரும்பவும் வாய் திறக்கும். எக்ஸ்பிரஸ் அப்படித்தான் செய்வான். அவள் மொத்தத்தையும் அரைத்து எடுத்தாள், பளபளவென்று இரும்பு தெரிகிற வரைக்கும். தின்னர் போட்டுத் துடைத்தாள். காற்றுத் துப்பாக்கியால் இணைப்புக்குள் ஊதி ஊதிச் சுத்தம் செய்தாள். திரும்ப ஒட்டினாள். திரும்பவும் துளை.

சிலிண்டரை மாற்றினாள். கேஸ் வருகிற குழாய் முழுக்க சோப்புத் தண்ணீர் தடவி எங்காவது குமிழ் வருகிறதா என்று பார்த்தாள். டார்ச்சின் மூக்கைச் சுரண்டிச் சுத்தம் செய்தாள். புதுக் கம்பி போட்டாள். அந்த வெயிலில் மின்விசிறியை நிறுத்தி, கதவையும் சாத்தினாள். நாங்கள் எல்லாம் வேர்த்து ஊற்றி அவளைத் திட்டினோம். ஒவ்வொரு தடவையும் முன்னைவிட அதிகமாகத் துடைத்து, முன்னைவிட அதிகமாக ஊதினாள். ஒவ்வொரு தடவையும் முன்னைவிட அதிகமாகத் துளை விழுந்தது.

வியாழக்கிழமை முதலாளி வந்து நின்றார்.

"என்னம்மா, கை போச்சா?"

"கை அப்படியேதான் இருக்கு சார். வேற என்னவோ கோளாறு."

"வேற என்ன? அதே மெஷின், அதே கேஸ். அவனைக் கூப்பிடு."

எக்ஸ்பிரஸ் வந்தான். இரண்டு துண்டுத் தகட்டை எடுத்தான். பிரஷால் இரண்டு இழுப்பு. அவளுடைய டார்ச்சையே வாங்கி, முகமூடியைச் சரியாகக்கூடப் போடாமல் ஒட்டினான். காட்டினான். ஒரு துளை இல்லை. என்ன அநியாயம்! வீட்டில் சாப்பிட உட்காரும்போதுகூடக் கை கழுவாத ஆள் அவன்.

பட்டறையே சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அவள் முகம் சிவந்தது. ஆனால் அந்தத் துண்டை அவன் கையிலிருந்து வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், பிறகு தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"சரி, போதும். இதுக்கு மேல பட்டி போட்டு அனுப்பிடலாம்" என்று முதலாளி என் பக்கம் கையைக் காட்டினார்.

"போட விடமாட்டேன்" என்றாள் அவள்.

முதலாளி குனிந்து அடிச்சட்டத்தில் இருந்த வட்டங்களைத் தன் கையாலேயே அழித்தார். அவர் நிமிர்வதற்குள் அவள் அதே இடங்களில் திரும்ப வட்டம் போட்டாள். அவர் திரும்ப அழித்தார். அவள் திரும்பப் போட்டாள். வயது வந்த இரண்டு பேர் இப்படிச் செய்வதைப் பார்த்து யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அவர் கை வெள்ளையாகிவிட்டது.

"சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் டைம் தரேன்" என்றார். "துளை இல்லாம ஒட்டிக் காட்டு. முடியலேன்னா டார்ச்சை அவன்கிட்ட கொடுத்துட்டு நீ வாஷிங் பக்கம் போய் வண்டி கழுவு. அப்புறம் இந்தப் பக்கம் வரவே கூடாது."

"சனிக்கிழமை மத்தியானம். எல்லாரும் கேட்டுக்கோங்க" என்றாள்.

வீட்டில் என் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டாள். தங்கைக்குப் புத்தி சொல்லச் சொன்னாள். ஊரில் யாருமே பட்டி போடாத மாதிரி இவளுக்கு மட்டும் என்ன என்று கேட்டாள். எனக்கும் அதே எண்ணம்தான். வெள்ளிக்கிழமை மத்தியானம் அவளிடம் போய் உட்கார்ந்தேன்.

"பிடிவாதம் பிடிச்சு டார்ச்சைத் தொலைச்சுடாதம்மா. இந்த ஒரு வண்டிக்கு மட்டும் கண்ணை மூடிக்கோ. நான் பார்த்துக்கறேன்."

"போன வண்டிக்கும் இதையேதான் சொன்னீங்க."

"அது நல்லாத்தானே ஓடுது?"

"துளையோட ஓடுது மாமா. உங்க பெயின்ட்டை நம்பி ஓடுது." சாப்பாட்டு டப்பாவை மூடினாள். "கழுவற இடத்துக்குப் போறதுல எனக்கு ஒண்ணும் கேவலம் இல்ல. ஆனா என் கை கெட்டுப்போச்சுன்னு சொல்லி அனுப்பறாங்க பாருங்க, அதுக்கு மட்டும் ஒத்துக்க மாட்டேன். என் கையை எனக்குத் தெரியாதா?"

எனக்குச் சுருக்கென்றது. எழுந்து வந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலையில் நான் போவதற்கு முன்பே அவள் வந்திருந்தாள். எக்ஸ்பிரஸ் ஒட்டிய துண்டு அவள் மேஜையில் இருந்தது. அவன் வந்ததும் கூப்பிட்டாள்.

"தம்பி, அன்னைக்கு நீ இதை எப்படிப் பண்ண? ஒண்ணு விடாம சொல்லு."

"என்னக்கா, பிரஷ் போட்டேன், ஒட்டினேன்."

"துடைச்சியா?"

"இல்ல."

"ஊதினியா?"

"அதெல்லாம் எதுக்குக்கா?"

அவள் நாலு துண்டுத் தகடு எடுத்தாள். நாலையும் அரைத்தாள், நாலையும் தின்னர் போட்டுக் காய்ந்த துணியால் துடைத்தாள். இரண்டை ஒரு ஜோடியாகச் சேர்த்து அப்படியே ஒட்டினாள். அடுத்த ஜோடியைச் சேர்த்து, வழக்கம்போலக் காற்றுத் துப்பாக்கியால் இணைப்புக்குள் நன்றாக ஊதிவிட்டு ஒட்டினாள். அதற்குள் முதலாளியும் வந்துவிட்டார். எல்லாரும் சுற்றி நின்றோம்.

முதல் ஜோடியில் ஒரு துளைகூட இல்லை. இரண்டாவது ஜோடி முழுக்கத் துளை.

எக்ஸ்பிரஸ் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். "சுத்தம் பண்ணினாத்தான் துளை விழுதா?" என்றான்.

அவள் முதலாளியின் சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவினாள். என்ன எழுதியிருந்ததோ, அவர் தடுப்பதற்குள் உருவிவிட்டாள். அதைச் சுவரில் பிடித்து, காற்றுத் துப்பாக்கியை அதன் மேல் அழுத்தினாள். எண்ணிப் பத்து நொடி. தாளில் மஞ்சளும் பழுப்புமாகப் பொட்டுப் பொட்டாக ஈரம் தெறித்தது. விரலால் தடவி மூக்கின் அருகில் கொண்டுபோனாள்.

"எண்ணெய், தண்ணி. ரெண்டும் சேர்ந்து வருது. இத்தனை நாளும் நான் சுத்தம் பண்ணல. எண்ணெய் பூசிட்டு இருந்திருக்கேன்."

அந்தத் தாளைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது.

எங்கள் பட்டறைக்கு ஒரே கம்ப்ரஸர்தான். அதிலிருந்து வரும் காற்று இரண்டு குழாயாகப் பிரியும். ஒன்று என் பெயின்ட் அறைக்கு, ஒன்று வெல்டிங் பக்கத்துக்கு. இரண்டிலும் ஒவ்வொரு ஃபில்டர் கிண்ணம் மாட்டியிருந்தது. காற்றோடு வரும் கம்ப்ரஸர் எண்ணெயையும் தண்ணீரையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும். வெயில் ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால் என் அறைக் கிண்ணம் விரிசல் விட்டது. அதனால்தான் என் பெயின்ட்டில் மீன்கண் விழுந்தது. முதலாளியிடம் புதிது கேட்டேன். அடுத்த வாரம் என்றார். மூன்று தடவை கேட்டேன், மூன்று அடுத்த வாரம் போனது. ஒரு நாள் எல்லாரும் டீ குடிக்கப் போயிருந்தபோது வெல்டிங் பக்கத்துக் கிண்ணத்தைக் கழற்றி என் குழாயில் மாட்டிக்கொண்டேன். அவர்கள் தூசி ஊதத்தானே காற்றைப் பிடிக்கிறார்கள், அதற்கு எதற்கு ஃபில்டர் என்று நினைத்தேன். என் மீன்கண் போய்விட்டது. அதை அங்கேயே மறந்தும்விட்டேன். எண்ணெய்க் காற்று பெயின்ட்டை என்ன பாடுபடுத்தும் என்று இருபத்தைந்து வருஷமாகத் தெரிந்த எனக்கு, அது வெல்டிங்கை என்ன செய்யும் என்று யோசிக்கத் தோன்றவில்லை. சத்தியமாகத் தோன்றவில்லை. தோன்றாதது எனக்கு ஒரு சமாதானமும் இல்லை.

அவள் குழாயைப் பின்பற்றிக்கொண்டே சுவரோரம் போனாள். கிண்ணம் இருந்த இடத்தில் தூசி படியாத ஒரு சதுரம் தெரிந்தது.

"இங்க இருந்த ஃபில்டர் எங்க?"

என் அறைக் கதவு திறந்திருந்தது. அவள் பார்வை அங்கே போய், உள்ளே பளிச்சென்று தொங்கிய கிண்ணத்தில் நின்று, பிறகு என் முகத்துக்கு வந்தது. நான் வாய் திறக்கவில்லை. அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை.

"சரி விடு, காரணம் கிடைச்சுடுச்சுல்ல. யாராவது எடுத்திருப்பாங்க" என்றார் முதலாளி.

அவள் அடிச்சட்டத்தை மறுபடி அரைத்தாள். துடைத்தாள், ஊதவில்லை. ஒட்டினாள். பன்னிரண்டு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. முதலாளி கண்ணாடி போட்டுக்கொண்டு அந்த முனையிலிருந்து இந்த முனை வரைக்கும் குனிந்து பார்த்தார். வட்டம் போட ஓர் இடம்கூட இல்லை.

"ஜெயிச்சுட்டம்மா" என்றார். மனதாரத்தான் சொன்னார். "டார்ச் உன்னுதுதான், போ."

"மருந்துக்கடைக்காரர் வண்டியைக் கூப்பிடுங்க சார்."

"எது?"

"தூணை மாத்தினோமே. அதே காத்துதான் அதுக்கும் ஊதினேன். அதுலயும் உள்ள இப்படித்தான் இருக்கும். பிரிச்சுத் திரும்ப ஒட்டணும்."

"போன வண்டி போனதுதான். நல்லா ஓடிட்டு இருக்கிற வண்டியைக் கூப்பிட்டு, நாங்க தப்பா ஒட்டிட்டோம்னு சொல்லச் சொல்றியா? பட்டறையை மூடிட்டுப் போகச் சொல்றியா?"

"கூப்பிட மாட்டீங்களா?"

"மாட்டேன்."

அவள் கையுறைகளைக் கழற்றினாள். டார்ச்சைக் கொக்கியில் மாட்டினாள். கையுறைகளை மேஜையில் வைத்து, பையிலிருந்த சாக்பீஸை எடுத்து அவற்றின் மேல் வைத்தாள்.

"அப்ப நான் வாஷிங் பக்கம் போறேன். அந்த வண்டி வர வரைக்கும் டார்ச்சைத் தொட மாட்டேன்."

தண்டனையாகச் சொன்ன இடத்துக்கு அவளே நடந்து போய், ரப்பர் பூட்ஸை மாட்டி, தண்ணீர்க் குழாயைத் திறந்து, அங்கே நின்ற ஒரு வேனைக் கழுவ ஆரம்பித்தாள். அரைகுறையாக அல்ல. சக்கரத்தின் உள்பக்கம் வரைக்கும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். பட்டறையில் இருந்த அத்தனை பேர் கண்ணிலும் விரலை விட்டு ஆட்டுகிற மாதிரிக் கழுவினாள்.

நான் பெயின்ட் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். எதிரே அந்தக் கிண்ணம். அதன் அடியில் தேங்கியிருந்த எண்ணெய்த் தண்ணீர். அவளுக்கு வர வேண்டிய சுத்தமான காற்றை எடுத்துக்கொண்டு அவள் கையைக் குற்றம் சொன்னவர்களோடு சேர்ந்து சிரித்திருக்கிறேன். அவள் அக்கா முகத்தில் எப்படி விழிப்பது? அதைவிட, அந்தத் தூணோரம் யார் உட்கார்ந்து போய்க்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தபோது உட்கார முடியவில்லை.

போனை எடுத்தேன். மருந்துக்கடைக்காரர் உற்சாகமாகப் பேசினார்.

"சொல்லுங்க! உங்க பெயின்ட்டைப் பார்த்து எல்லாரும் எங்க பண்ணினதுன்னு கேக்கறாங்க."

"அந்த பெயின்ட்டுக்கு அடியிலதான் சார் பிரச்சினை. ஒட்டு சரியில்ல. தெரிஞ்சேதான் நான் மூடினேன். வண்டியை ஓட்டாதீங்க. திங்கட்கிழமை நாங்களே வந்து கட்டி இழுத்துட்டு வரோம்."

அவர் "சரி" என்று மட்டும் சொன்னார்.

அடுத்து முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் குரல் தெருவுக்கே கேட்டிருக்கும்.

"உன்னை யாருய்யா போன் பண்ணச் சொன்னது?"

"யாரும் சொல்லல. ஃபில்டரைக் கழட்டினதும் நான்தான். மூணு வாட்டி புதுசு கேட்டேன், நீங்க தரல. அதுக்காக வெல்டிங் பக்கத்துல இருந்து எடுத்தது என் தப்பு. என்னை அனுப்பறதா இருந்தா அனுப்புங்க. ஆனா அந்த வண்டி வரும்."

எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. யாரிடமிருந்து தொற்றியது என்று சொல்லத் தேவையில்லை. முதலாளி நாற்காலியை உதைத்தார், டீ டம்ளரைத் தள்ளிவிட்டார், கடைசியில் புது ஃபில்டர் வாங்கி வர ஆள் அனுப்பினார்.

திங்கட்கிழமை வண்டி வந்தது. மருந்துக்கடைக்காரரும் கூடவே வந்து ஒரு மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கதவைத் திறந்தேன். என் பெயின்ட் கண்ணாடி மாதிரி மின்னியது. எங்கே ஒட்டு, எங்கே துளை, பார்த்து யாராலும் சொல்ல முடியாது. எனக்கு மட்டும்தான் தெரியும். மேஜையில் அவள் வைத்துவிட்டுப் போன சாக்பீஸை எடுத்து வந்தேன். மண்டியிட்டு, அந்தத் தூணின் அடியில், என் பெயின்ட் மேலேயே ஒரு வட்டம் போட்டேன்.

வாஷிங் பக்கத்திலிருந்து அவள் ஈர பூட்ஸோடு வந்து என் பின்னால் நின்றாள்.

"இன்னும் பெருசாப் போடுங்க மாமா."

பெரிதாகப் போட்டேன். அவள் கையுறையை மாட்டினாள், கிரைண்டரை எடுத்தாள். என் பெயின்ட் தூளாகி என் மேலேயே விழுந்தது. பட்டி போனதும் உளியை ஒட்டின் மேல் வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினாள். ஓங்கி அடிக்கவில்லை, தட்டினாள். மூன்று விரல் அகலத்துக்கு ஒட்டு பிரிந்தது.

மருந்துக்கடைக்காரர் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். உள்ளே தேன்கூடு மாதிரி இருந்தது.

"என் பொண்ணு இந்தப் பக்கம்தான் உட்காருவா" என்றார்.

முதலாளி தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை வட்டங்களை அழித்த கை அது.

அவள் மிச்சத்தையும் அரைத்து எடுத்து, துடைத்து, புது ஃபில்டர் வழியாக வந்த காற்றை முதலில் ஒரு தாளில் ஊதிப் பார்த்துவிட்டு, ஒட்டினாள். முடித்ததும் முகமூடியைத் தூக்கி, வழக்கம்போலக் குனிந்து முழுக்கப் பார்த்தாள். பிறகு எழுந்து நகர்ந்தாள். நான் சாக்பீஸை அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"நீங்களே வெச்சுக்கோங்க மாமா. பட்டி பூசறதுக்கு முன்னாடி நீங்களும் ஒரு தடவை குனிஞ்சு பாருங்க."